ஓ.எம்.டி.யின் 'டாசில் ஷிப்ஸ்' (1983): அலமாரியிலிருந்து மறுபடி எடுப்பவர்களுக்குக் கேள்வி பதில்

இது என்ன ஆல்பம்? யாருடையது?

ஆர்க்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க், சுருக்கமாக ஓ.எம்.டி., இங்கிலாந்தின் லிவர்பூல் பக்கத்துக் குழு. 1978இல் ஆன்டி மெக்ளஸ்கியும் பால் ஹம்ப்ரீஸும் தொடங்கினார்கள். பிறகு டிரம்ஸுக்கு மால்கம் ஹோம்ஸும் கீபோர்டுக்கு மார்ட்டின் கூப்பரும் சேர்ந்தார்கள். 'டாசில் ஷிப்ஸ்' அவர்களுடைய நான்காவது ஆல்பம். 1983 மார்ச் மாதம் வெளிவந்தது. தயாரிப்பு ரெட் டேவிஸும் குழுவும் சேர்ந்து செய்தது. மொத்தம் 12 துண்டுகள், 34 நிமிடத்துக்குச் சற்று மேல்.

துண்டுகள் என்று சொல்லக் காரணம், பன்னிரண்டில் எல்லாமே பாடல்கள் இல்லை. வெளிநாட்டு வானொலியின் அடையாள இசை, நேரம் சொல்லும் தொலைபேசிக் குரல்கள், நீர்மூழ்கியின் சோனார் ஒலி (எதிரொலியை வைத்துப் பொருள் எங்கே என்று அறிய எழுப்பும் ஒலி) ஆகியவற்றை ஒட்டிச் செய்தவை அங்கங்கே வரும். நல்ல மெட்டுள்ள பாப் பாடல்கள் அவற்றுக்கு நடுவே இருக்கின்றன.

அப்போது ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை?

அதற்கு முந்தைய ஆல்பமான 'ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி' 1981இல் வந்தது. அதிலிருந்து 'சுவனீர்', 'ஜோன் ஆஃப் ஆர்க்', 'மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்' என்று மூன்று சிங்கிள்கள் (தனியாக வெளியிடும் பாடல் தட்டுகள்) பிரிட்டிஷ் பட்டியலில் முதல் ஐந்துக்குள் போயின. அதே போல இன்னும் மூன்று வரும் என்றுதான் ரசிகர்களும் கம்பெனியும் காத்திருந்தார்கள்.

வந்ததோ வேறு. ஊசியை வைத்ததும் கேட்பது பிராக் வானொலியின் அறிவிப்பு இசை. மூன்றாவது துண்டில் எழுத்துகளையும் எண்களையும் ஒப்பிக்கும் குரல்கள். முதல் சிங்கிள் 'ஜெனெட்டிக் இன்ஜினியரிங்' 20ஆம் இடத்தோடு நின்றது. இரண்டாவதான 'டெலிகிராஃப்' 42ஐத் தாண்டவில்லை. ஆல்பம் முதலில் 5ஆம் இடம் வரை போனது, ஆனால் அது பழைய பெயருக்காக வாங்கியவர்களால் கிடைத்த இடம். முந்தைய ஆல்பத்தோடு ஒப்பிட்டால் விற்பனை பெரிய சரிவு. அடுத்த ஆண்டு 'ஜங்க் கல்ச்சர்' ஆல்பத்தில் குழு வெளிச்சமான, நடனத்துக்கேற்ற பாப்புக்குத் திரும்பிவிட்டது. இந்தப் பாதையில் அவர்கள் அப்போது மேலே போகவில்லை. இதுதான் இழப்பு என்பது எங்கள் கருத்து.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். குழுவிடம் அப்போது புதுப் பாடல்கள் போதுமான அளவு இல்லை. 'த ரொமான்ஸ் ஆஃப் த டெலஸ்கோப்' ஏற்கெனவே 'ஜோன் ஆஃப் ஆர்க்' சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது. 'ஆஃப் ஆல் த திங்ஸ் வீ'வ் மேட்' அதே போல 'மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்' சிங்கிளின் பின்பக்கம். 'ரேடியோ வேவ்ஸ்' ஓ.எம்.டி.க்கு முன்பு மெக்ளஸ்கியும் ஹம்ப்ரீஸும் இருந்த 'தி ஐடி' குழுவின் பழைய பாட்டு. இதைக் காட்டித்தான் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அன்று பேசினார்கள். ஆனால் பழைய பாடல்கள் இங்கே எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். சிங்கிளின் பின்பக்கத்தில் தனியாக நின்றபோது இல்லாத கனம் அவற்றுக்கு இந்த வரிசையில் வருகிறது.

'டாசில் ஷிப்' என்றால் என்ன கப்பல்?

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குத் தப்ப, பிரிட்டிஷ் கப்பல்களுக்குக் கறுப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளைக் கோணல்மாணலாகத் தீட்டினார்கள். 1917இல் நார்மன் வில்கின்சன் என்ற கடல் ஓவியர் முன்வைத்த யோசனை இது. கப்பலை மறைப்பது நோக்கமல்ல. டார்பிடோவைக் கப்பல் இப்போது இருக்கும் இடத்துக்கு அல்ல, அது போய்ச் சேரப்போகும் இடத்துக்கு விட வேண்டும். அதற்குக் கப்பலின் திசையும் வேகமும் தெரிய வேண்டும். பெரிஸ்கோப்பில் பார்ப்பவனுக்கு முன்பக்கம் எது, எந்தக் கோணத்தில் போகிறது என்பதைக் குழப்புவதுதான் அந்தப் பட்டைகளின் வேலை.

லிவர்பூல் துறைமுகத்தில் இந்தப் பூச்சு வேலையை மேற்பார்த்தவர்களில் ஒருவர் எட்வர்ட் வாட்ஸ்வொர்த். 1919இல் அவர் வரைந்த, லிவர்பூல் உலர்துறையில் நிற்கும் டாசில் கப்பல்களின் ஓவியம் இன்று ஒட்டாவாவில் கனடா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் மூலமாக அந்த ஓவியம் குழுவுக்குப் பழக்கமாகி, ஆல்பத்துக்குப் பெயராயிற்று. உறையும் அந்தப் பட்டைகளின் பாணியில், அட்டையில் துளைகள் வெட்டப்பட்டு, உள்ளே இருக்கும் நிறம் வெளியே தெரியும்படி செய்யப்பட்டது.

இடையில் வரும் வானொலித் துண்டுகள் இடத்தை நிரப்பப் போட்டவையா?

இல்லை. அவற்றை எடுத்துவிட்டால் ஆல்பமே இல்லை.

சிற்றலை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வெளிநாட்டு நிலையமும் ஒலிபரப்பைத் தொடங்குமுன் ஒரு சின்ன இசையைத் திரும்பத் திரும்பப் போடும். இரைச்சலுக்கு நடுவே ரேடியோவின் குமிழைத் திருப்புகிறவர், மொழி புரியாவிட்டாலும் அந்த இசையை வைத்து எந்த நாடு என்று கண்டுகொள்வார். நம் அகில இந்திய வானொலியின் தொடக்க இசையும் அந்த இனம்தான். அதை அமைத்த வால்டர் காஃப்மன் பொஹீமியாவிலிருந்து வந்தவர், அதாவது இந்த ஆல்பத்தின் முதல் துண்டில் ஒலிக்கும் அதே செக் நாட்டுப் பகுதியிலிருந்து.

'ரேடியோ பிராக்' என்ற முதல் துண்டு, செக்கோஸ்லோவாக்கிய வெளிநாட்டு ஒலிபரப்பின் அடையாள இசையும் அறிவிப்பும்தான். 1983இல் பனிப்போர் நடந்துகொண்டிருந்தது. மேற்கு ஐரோப்பாவில் ஒரு பாப் ஆல்பம் கிழக்கு முகாமின் வானொலியோடு தொடங்குவது சும்மா நடந்ததல்ல. இரண்டாம் பக்கத்தில் வரும் 'டைம் ஸோன்ஸ்' பல நாட்டுத் தொலைபேசிகளின் நேரம் சொல்லும் குரல்களை அடுக்கியது. ஒவ்வொரு குரலும் வேறு மொழியில், வேறு நேரத்தைச் சொல்கிறது. எல்லாம் ஒரே கணத்தில் நடக்கிறது. ஒரு வரிகூடப் பாடாமல் உலகம் பிரிந்து கிடப்பதை ஒன்றே முக்கால் நிமிடத்தில் காட்டிவிடுகிறது அந்தத் துண்டு.

இதற்கு முன்மாதிரி ஜெர்மன் மின்னணு இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க்கின் 1975ஆம் ஆண்டு ஆல்பமான 'ரேடியோ ஆக்டிவிட்டி'. அதே ஆண்டு செப்டம்பரில் லிவர்பூல் எம்பயர் அரங்கில் கிராஃப்ட்வெர்க் வாசித்ததை மெக்ளஸ்கி நேரில் பார்த்தார். 'டாசில் ஷிப்ஸ்' பிடிக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், முதலில் 'ரேடியோ ஆக்டிவிட்டி'யை ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள். பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எப்படிக் கேட்க வேண்டும்?

வரிசை மாறாமல், இரண்டு பக்கங்களாக. முதல் பக்கம் பதினாறு நிமிடம் சொச்சம், இரண்டாம் பக்கம் பதினெட்டு நிமிடம் சொச்சம். 'இன்டர்நேஷனல்' முடிந்ததும் தட்டைத் திருப்ப வேண்டும். அதன் பிறகுதான் இரண்டாம் பக்கம் சோனார் ஒலியோடு தொடங்கும். அந்த இடைவெளி தேவை. சிடியிலோ செயலியிலோ கேட்டால் ஆறாவது துண்டு முடிந்ததும் நீங்களே அரை நிமிடம் நிறுத்திவிடுங்கள்.

செயலியில் கேட்பவர்கள் மூன்று அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். கிராஸ்ஃபேட் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு துண்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றோடொன்று கலந்து, இரண்டு நிமிடத் துண்டுகளில் சில நொடிகள் காணாமல் போகும். மூன்றாவது, ஒலியளவைச் சமன்செய்யும் வசதி. ஆல்பத்தை முழுதாக வரிசையில் ஓட்டினால் பல செயலிகள் மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவை வைக்கும். தனித்தனிப் பாடலாகப் பட்டியலில் சேர்த்தால் மெதுவான துண்டுகளைத் தூக்கிவிடும். 'டைம் ஸோன்ஸ்' சத்தமாகவும் 'ரேடியோ வேவ்ஸ்' அடங்கியும் கேட்டால் காரணம் இதுதான்.

போனின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருக்கும் 'ஏபிசி ஆட்டோ இண்டஸ்ட்ரி' போன்றவை அதில் வெறும் குழப்பமாகிவிடும்.

மறுபடி கேட்கும்போது எந்தப் பாடல்களைக் கவனிக்கலாம்?

'த ரொமான்ஸ் ஆஃப் த டெலஸ்கோப்'. ஆல்பத்தின் உச்சம் இது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. மெலட்ரான் என்ற நாடாக் கருவியின் (கீழே பார்க்க) கூட்டுப்பாடல் ஒலி போன்ற அடுக்கு மேலே எழும்போது, அதற்கு முன் வந்த சோனார் துண்டின் குளிர் இன்னும் காதில் இருக்கும். அந்த வேறுபாட்டால்தான் பாட்டு அத்தனை வெதுவெதுப்பாகப் படுகிறது. சிங்கிளின் பின்பக்கத்தில் கேட்டவர்களுக்கு அது கிடைத்திருக்காது.

'ஜெனெட்டிக் இன்ஜினியரிங்' பாட்டில் டைப்ரைட்டர் தட்டும் ஓசை தாளத்தின் பகுதியாக இருக்கிறது. சொற்களை உதிர்க்கும் இயந்திரக் குரல் ஒரு குழந்தைகள் பொம்மையிலிருந்து வருகிறது (கீழே பார்க்க). மெட்டு இவ்வளவு துள்ளலாக இருந்தும் வானொலி நிலையங்கள் தயங்கியதற்கு அந்தக் குரலும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

'டெலிகிராஃப்' பாடலைக் குழு 1981இலேயே ஒரு முறை பதிவு செய்திருந்தது. அந்தப் பழைய வடிவம் 2008 பதிப்பில் உள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இடைப்பட்ட காலத்தில் குழு எவ்வளவு கறாராக மாறியது என்று தெரியும்.

'சைலன்ட் ரன்னிங்' முதல் கேட்பில் நழுவிப் போகும் பாட்டு. மூன்றாவது தடவையில் பிடிக்கும். 'ரேடியோ வேவ்ஸ்' எளிமையான வேகப் பாட்டு, மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசிப் பாட்டான 'ஆஃப் ஆல் த திங்ஸ் வீ'வ் மேட்' ஒரே தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, மேலே மிகக் குறைந்த மெட்டோடு நகர்கிறது. இயந்திரக் குரல்களை இவ்வளவு நேரம் கேட்ட பிறகு, அலங்காரமில்லாத மனிதக் குரலோடு ஆல்பம் முடிவது சரியான தீர்மானம்.

குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது போடலாமா?

'இன்டர்நேஷனல்' தொடங்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நிகராகுவாவில் ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொல்லும் செய்திக் குரல் அங்கே வருகிறது. மற்றவற்றில் சிக்கலில்லை.

என்னென்ன கருவிகள் பயன்பட்டன?

மூன்று முக்கியம்.

முதலாவது ஈமு எமுலேட்டர். 1981இல் வந்த சாம்ப்ளர் கீபோர்டு. எந்த ஒலியையும் பதிவு செய்து கட்டைகளில் வாசிக்கலாம், ஆனால் சுமார் 2 நொடி நீளம்தான், அதுவும் 8 பிட் தரத்தில். ஒலிகள் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியில் சேமிக்கப்பட்டன. உயர்ந்த கட்டையில் வாசித்தால் ஒலி வேகமாகி நீளமும் குறையும். ஒரு ஸ்தாயி மேலே போனால் நீளம் பாதி. ஆல்பத்தில் ஒலித்துண்டுகள் வெட்டுப்பட்டது போலவும் சொரசொரப்பாகவும் இருப்பது கருவியின் இந்த எல்லையால்தான்.

இரண்டாவது மெலட்ரான். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் 8 நொடியில் தீர்ந்துவிடும். கையை எடுத்தால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனால் நீண்ட ஸ்வரங்களை மூச்சு விட்டு மூச்சு விட்டுத்தான் வாசிக்க முடியும். முந்தைய ஆல்பத்தின் சர்ச் போன்ற ஒலிக்கும் இதுவே காரணம்.

மூன்றாவது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' பொம்மை. குழந்தைகளுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் சொல்லித்தர வந்தது. பதிவு செய்த குரலை அப்படியே வைக்காமல், குரல் உருவாகும் விதத்தைக் கணக்குகளாகச் சுருக்கி ஒரே சில்லில் மறுபடி உண்டாக்கியது. அந்தக் கரகரப்பான உலோகக் குரல் அப்படி வந்ததுதான்.

இந்த ஒலிகளை வீட்டிலேயே செய்து பார்க்க முடியுமா?

முடியும். பெரிய செலவும் இல்லை. எமுலேட்டர் பாணிக்குக் கணினியும் ஆடாசிட்டி மென்பொருளும் போதும்.

1. மூல ஒலி வேண்டும். சிற்றலை ரேடியோ இருந்தால் இரவில் 49 மீட்டர் அலைவரிசையை, அதாவது 5.9 முதல் 6.2 மெகாஹெர்ட்ஸ் வரை, தேடுங்கள். ரேடியோ இல்லையென்றால் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எஸ்டிஆர் என்ற இணைய ரேடியோ வாங்கி வழியாக உலாவியிலேயே கேட்கலாம். ஐரோப்பாவில் இரவாக இருக்கும்போது கேளுங்கள். சாதாரண ஏஎம் முறையில் கேட்டால் குரல் தெளிவாக வரும். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறைக்கு மாற்றி நிலையத்திலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் விலகினால் கூடவே ஒரு விசில் ஒலி வரும். அந்த விசில்தான் நமக்கு வேண்டியது.

2. பதிவில் 2 நொடிக்கு மிகாத ஒரு துண்டை வெட்டுங்கள். சொல்லின் நடுவில் வெட்டினால் இன்னும் நல்லது.

3. அதன் உச்ச அளவை மைனஸ் 1 டெசிபலுக்கு உயர்த்துங்கள். இதைத் தவிர்த்தால் அடுத்த படியில் இரைச்சல் ஒலியையே மூடிவிடும். 8 பிட்டில் 256 படிகள்தான் இருக்கின்றன. மெல்லிய பதிவு அதில் சில படிகளை மட்டுமே தொடும்.

4. மாதிரி வீதத்தை (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளப்பது என்ற எண்) 27,000 அளவுக்குக் குறைத்து, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை லோ பாஸ் வடிகட்டியால் நீக்கி, 8 பிட் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அதற்கு முன் ஆடாசிட்டியின் தர அமைப்புகளில் டிதர் (பிட் குறைக்கும்போது வேண்டுமென்றே சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) 'இல்லை' என்று இருக்க வேண்டும். டிதர் இருந்தால் சொரசொரப்பு மறைந்து மெல்லிய ஸ் என்ற சத்தமாகிவிடும்.

5. எந்த இலவச சாம்ப்ளரிலும் அதை ஏற்றுங்கள். நேரத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும் வசதி அணைந்திருக்க வேண்டும். பலருக்கும் ஒலி இந்தக் காலத்தது போலவே இருப்பதற்குக் காரணம், அந்த வசதி தானாக இயங்கிக்கொண்டிருப்பதே.

பொம்மைக் குரலுக்கு ஆர்டுயினோ என்ற சிறு நிரல் பலகையில் ஓட்ட 'டாக்கி' என்ற நிரல் தொகுப்பு (லைப்ரரி) இருக்கிறது. ஆர்டுயினோவின் ஊனோ வகைப் பலகையில் அதன் ஒலி 3ஆம் பின்னில் வரும். நேராக ஸ்பீக்கரில் கொடுக்காமல் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கொடுங்கள். அசல் பொம்மையே பழைய பொருள் விற்பவரிடம் கிடைத்தால், பின்மூடியைத் திறந்து பேட்டரி இடத்தை முதலில் பாருங்கள். நான்கு 'சி' அளவு செல்கள் போடுவது. பல ஆண்டுகள் செல்களோடு கிடந்தால் அவை கசிந்து தகடுகளில் பச்சை, வெள்ளைப் படிவு பிடித்திருக்கும். மெல்லிய படிவை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தினால் சரியாகும். தகடே அரித்துப்போயிருந்தால் வாங்காதீர்கள்.

எந்தப் பதிப்பை வாங்கலாம்?

பாட்டை மட்டும் கேட்க வேண்டுமானால் 2008இல் வந்த மறுபதிப்பு சிடி போதும். அதில் ஆறு கூடுதல் துண்டுகள் உள்ளன. 1981 'டெலிகிராஃப்' தவிர, 'ஜெனெட்டிக் இன்ஜினியரிங்' சிங்கிளின் பின்பக்கமான '4 நொய்' (4-Neu), 'டெலிகிராஃப்' சிங்கிளின் பின்பக்கமான '66 அண்ட் ஃபேடிங்', 'சுவிஸ் ரேடியோ இன்டர்நேஷனல்' ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஆனால் முதல் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டு, கூடுதலை இன்னொரு நாள் கேளுங்கள். முடிவுப் பாட்டின் மீது வேறொரு பாட்டை உடனே போட்டால் அது கெட்டுவிடும்.

எல்.பி. (பெரிய இசைத்தட்டு) வேண்டுமென்றால் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் மூலத்தட்டின் பள்ளம் அரை வேகத்தில் வெட்டப்பட்ட 2018 மறுபதிப்பு நல்ல தேர்வு. 2023இல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பும் வந்தது. அதில் அன்று வெளிவராத பதிவுகள் உண்டு. ஆல்பத்தை முதல்முறை வாங்குபவருக்கு அது தேவையில்லை.

1983இல் பிரிட்டனில் முதலில் அச்சிட்ட தட்டு வி 2261 என்ற எண்ணுடன் வந்தது. லேபிளில் டெலிகிராஃப் என்ற பெயர் இருக்கும். இது தனிக் கம்பெனி அல்ல, வர்ஜின் என்ற இசைக் கம்பெனியின் ஒரு முகம். அதைத் தேடுவதற்குரிய காரணம் உறைதான். ஒலியில் பெரிய அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய தட்டு வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

உறையில் வெட்டப்பட்ட துளைகளின் ஓரங்களை முதலில் பாருங்கள். அலமாரியில் பக்கத்துத் தட்டு உரசி உரசி அந்த முனைகள்தான் முதலில் மடியும், கிழியும். எல்லாப் பதிப்புகளிலும் துளை இல்லை. இணையத்தில் வாங்கினால் உறையின் முன், பின், விரித்த உள்பக்கம் மூன்றையும் படம் கேளுங்கள்.

தட்டை அறை விளக்கில் பார்த்தால் கீறல் தெரியாது. ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்து, மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் கீறல் கட்டாயம் சத்தம் போடும். நகத்துக்குத் தட்டுப்படாத மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கேட்காது.

ஓட்டிப் பார்க்க வாய்ப்பு இருந்தால் 'ஜெனெட்டிக் இன்ஜினியரிங்' போட்டுப் பார்க்காதீர்கள். சத்தமான பாட்டு எல்லாக் குறையையும் மூடிவிடும். இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தைப் போடுங்கள். சோனார் ஒலிகளுக்கு நடுவே உள்ள அமைதியில் சொடசொடப்பு உடனே தெரியும். பிறகு கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. உள்விளிம்பில் அது 21 செ.மீ.க்கு இறங்கிவிடும். அதனால் தேய்ந்த ஊசியோடு பல தடவை ஓட்டப்பட்ட தட்டு உள்பக்கத்தில்தான் முதலில் கரகரக்கும். பக்கங்கள் குட்டையாக இருப்பதால் இந்த ஆல்பத்தில் அந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு. இங்கேயும் குரல் பிசிறடித்தால் தட்டு தேய்ந்தது என்று பொருள். எவ்வளவு கழுவினாலும் சரியாகாது.

கழுவுவது எப்படி?

வடித்த நீர் 750 மி.லி., 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 250 மி.லி., வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. குழாய்த் தண்ணீர் கூடாது. உலர்ந்ததும் உப்பு பள்ளத்தில் படிந்து புதுச் சத்தம் கொடுக்கும். லேபிளில் ஈரம் படாமல், மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, தனி வடித்த நீரால் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். அலசுவதை விட்டால் சோப்புப் படலம் ஊசியில் பஞ்சு போல் சேரும். பழைய 78 சுழற்சித் தட்டுகளுக்கு இந்தக் கலவை ஆகவே ஆகாது. அவை செய்யப்பட்ட அரக்கை ஆல்கஹால் கரைத்துவிடும்.

டர்ன்டேபிளில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஊசியின் எடையும் வேகமும். ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருந்தியிருக்கும் முனைப்பகுதி) 2.0 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். தட்டைக் காப்பாற்றுவதாக எண்ணி எடையைக் குறைத்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளி இன்னும் கெடுக்கும். சிறு டிஜிட்டல் எடைமானி ஒன்று வாங்கிவிடுங்கள். ஊசியைத் தாங்கும் ஆர்மின் பின்னால் உள்ள எண்களை மட்டும் நம்ப வேண்டாம்.

வேகத்துக்கு 180 கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் வட்டு போதும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு பல்பின் கீழ் கோடுகள் நின்றது போல் தெரிந்தால் வேகம் சரி. பல எல்இடி விளக்குகளில் இந்தச் சோதனை வேலை செய்யாது.

கணினியில் பதிவு செய்யும்போது என்ன கவனம்?

24 பிட், உச்ச அளவு மைனஸ் 6 டெசிபல். இது எல்லாத் தட்டுக்கும் பொதுவானது. இந்த ஆல்பத்துக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. தானாகக் கிளிக் நீக்கும் வசதியைப் போடாதீர்கள். திடீரென்று எழும் குறுகிய ஒலி எல்லாம் அந்த மென்பொருளுக்குத் தூசிதான். டைப்ரைட்டர் தட்டல், வானொலி இரைச்சலின் வெடிப்பு, நேரக் குரல்களோடு வரும் பீப் ஒலி எல்லாவற்றிலும் கை வைக்கும். இரைச்சல் நீக்கும் வசதி அதைவிட மோசம். 'ரேடியோ பிராக்'கின் இரைச்சல் குழு வேண்டும் என்றே வைத்தது.

அலைவடிவத்தைப் பெரிதாக்கி, சந்தேகமான இடத்தைச் சிடியோடு ஒப்பிட்டு, தட்டில் மட்டும் உள்ள சொடுக்கைக் கையால் ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம். துண்டுகளைப் பிரிக்கும்போது இடையில் மௌனம் சேர்க்காதீர்கள். பிரித்த கோப்புகளை இடைவெளியின்றி ஓட்ட ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு) வடிவத்தில் வையுங்கள். எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்வதால் ஓட்டும் மென்பொருளைப் பொறுத்து ஒட்டு தெரியும்.

உறையை எப்படிப் பாதுகாப்பது?

12.5 அங்குல பாலிதீன் வெளியுறை ஒன்று போட்டு, தட்டை மட்டும் வேறு உள்ளுறையில் எடுத்து அட்டை உறைக்குப் பின்னால் வையுங்கள். தட்டைத் துளை உறைக்குள் தள்ளி இழுக்கும் ஒவ்வொரு முறையும் முனைகள் சிக்கும். இந்த ஒரு மாற்றமே உறையின் ஆயுளைக் கூட்டிவிடும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் வெளியுறையின் வாயை ஒட்டி மூடக்கூடாது. உள்ளே சிக்கிய ஈரம் அட்டையில் பூஞ்சையாக வரும். வாயைத் திறந்தே விட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், சாயாமல் நேராக நிறுத்துங்கள். பிவிசி உறைகள் வேண்டாம். நாளடைவில் அவை தட்டின் மேல் பனிபோல் படலம் விட்டுவிடும்.

இது பிடித்தால் அடுத்து என்ன கேட்கலாம்?

பின்னோக்கிப் போங்கள். 1981இன் 'ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி', அதற்கு முன் 1980இன் 'ஆர்கனைசேஷன்'. '4 நொய்' என்ற தலைப்பு ஜெர்மனியின் 'நொய்!' (Neu!) குழுவுக்குச் செலுத்திய மரியாதை. அவர்களுடைய 1972 முதல் ஆல்பத்தைக் கேட்டால் 'ஆஃப் ஆல் த திங்ஸ் வீ'வ் மேட்' பாட்டின் விடாத தாளம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது காதுக்கே தெரிந்துவிடும்.